முகவரிப் பேரேடு யார் கையில் இருக்கிறது?

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர் அதன் பதிவேடுகளில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. அங்கத்தினர் பதிவேடு, பங்குப் பேரேடு, ரொக்கப் புத்தகம், சரக்கு இருப்புப் புத்தகம் ஆகியவை சங்கக் கட்டடத்தில் பூட்டிய பீரோவில் வைக்கப்பட்டிருக்கின்றன. தணிக்கையாளர் கேட்ட மாத்திரத்தில் காரியதரிசி அவற்றை எடுத்து வந்து மேஜைமீது வைத்துவிடுகிறார்.

அண்மைக் காலத்தில் சங்கங்கள் பலவற்றிற்கு மற்றொரு பதிவேடும் சேர்ந்திருக்கிறது. நம் சேலையையோ மஞ்சளையோ ஒருமுறை வாங்கி, புதிய சரக்கு வரும்போது தமக்கும் தெரிவிக்குமாறு மின்னஞ்சல் முகவரியைத் தந்து சென்ற வாடிக்கைக்காரர்களின் பட்டியலே அது. பண்டிகைக்கு முன்னால் ஒரு கடிதம் அனுப்பினால் தேங்கிய சரக்கு நகர்கிறது. இடைத் தரகர் இல்லாமலே பணம் வந்து சேர்கிறது. நெசவாளியின் கூலியும் விவசாயியின் கிரயமும் ஓரளவு இப்பட்டியலைச் சார்ந்து நிற்கின்றன. ஆயினும், இப்பதிவேடு பெரும்பாலும் நம் பீரோவில் இல்லை. கடிதங்களை மொத்தமாக அனுப்பித் தரும் வெளி நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அதைத் திரும்பப் பெறும் வழி யாது, பெறும்போது கவனிக்க வேண்டியவை யாவை என்பதை நிர்வாகக் கமிட்டியார் மட்டுமன்றி ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் நலம்.

பட்டியல் வெளியே சென்ற விதம்

ஆயிரக் கணக்கானோருக்கு ஒரே கடிதத்தைச் சாதாரண மின்னஞ்சல் கணக்கிலிருந்து அனுப்ப முயன்றால், அது வேண்டாத விளம்பரமென்று ஒதுக்கப்படுவதுண்டு. ஆகவே இப்பணியையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் தோன்றின. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2001ஆம் ஆண்டு தொடங்கிய மெயில்சிம்ப் அவற்றுள் ஒன்று. 2021இல் இன்ட்யூட் என்னும் கம்பெனி அதனை விலைக்கு வாங்கிற்று. பிரான்சு நாட்டில் சென்டின்புளூ என்ற பெயரில் வளர்ந்து, 2023இல் பிரெவோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் மற்றொன்று. இவர்களிடம் கணக்குத் திறப்போர் தம் முகவரிப் பட்டியலை அவர்களது கணினியில் ஏற்றிவிடுகின்றனர். நாளடைவில் புதிய பெயர்கள் அங்கேயே சேருகின்றன; விலகியோரின் விவரமும் அங்கேயே பதிவாகிறது. சங்கத்தில் இருந்த பழைய பிரதி பயனற்றதாகிவிடுகிறது.

நிறுவனங்கள் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. டைனிலெட்டர் என்னும் எளிய கடிதச் சேவையை மெயில்சிம்ப் 2011இல் வாங்கி நடத்தி வந்தது. அச்சேவை 2024 பிப்ரவரி 29ஆம் நாள் மூடப்பட்டது. முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் மூடினார்கள். ஆனால் அறிவிப்பைப் பார்த்து உரிய காலத்தில் தம் பட்டியலை எடுத்துக்கொள்வது வாடிக்கைக்காரரின் பொறுப்பாயிற்று. கட்டணம் உயரலாம், சேவை நிற்கலாம், நம் கணக்கு முடக்கப்படலாம். அந்நாளில் பட்டியலின் பிரதி நம்மிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

கேட்டுப் பெறும் வாயில்

பட்டியலைப் பெற இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கணக்கினுள் நுழைந்து முழுப் பட்டியலையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்வது. சிறிய சங்கத்திற்கு இதுவே போதும். இரண்டாவது, ஏ.பி.ஐ. என்று வழங்கும் வாயில். ஒரு கணினி மற்றொரு கணினியிடம் வரையறுத்த முறையில் விவரம் கேட்டு, வரையறுத்த முறையில் பதில் பெறுவதற்கான ஏற்பாடு இது. மாதந்தோறும் ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையை, ஒருமுறை எழுதிவைத்த சிறு புரோகிராம் தானே செய்துவிடும். பைதான் போன்ற மொழி ஒன்றை அறிந்த இளைஞர் ஒருவர் இதனை எழுதித் தர முடியும்.

மத்திய பண்டகசாலைக்கு நாம் இண்டெண்ட் எழுதி அனுப்புவதோடு இதனை ஒப்பிடலாம். இண்டெண்டில் நம் சங்கத்தின் முத்திரை இருக்க வேண்டும். எந்தச் சரக்கு, எவ்வளவு என்று குறித்திருக்க வேண்டும். ஏ.பி.ஐ. முறையில் முத்திரையின் இடத்தில் இருப்பது சாவி என்னும் நீண்ட எழுத்துத் தொடர். மெயில்சிம்ப் தரும் சாவியின் கடைசியில், சிறு கோட்டிற்குப் பின்னால் ஒரு குறி நிற்கும். நம் கணக்கு எந்தக் கணினி மையத்தில் இருக்கிறது என்பதை அக்குறி காட்டும். விண்ணப்பம் அனுப்ப வேண்டிய முகவரியிலும் அதே குறி இடம்பெற வேண்டும். பதில் ஜேசான் என்னும் அமைப்பில் வரும். ஒவ்வோர் ஆளுக்கும் மின்னஞ்சல், பெயர், சேர்ந்த நாள், தற்போதைய நிலை என்று தலைப்பும் விவரமுமாக வரிசைப்பட்டிருக்கும்.

பதிலோடு ஓர் எண்ணும் வரும். 200 என்றால் விண்ணப்பம் நிறைவேறியது. 401 என்றால் சாவி செல்லவில்லை. 404 என்றால் கேட்ட பதிவு அங்கில்லை. 429 என்றால் அளவு மீறிக் கேட்கிறோம் என்று பொருள்; சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்க வேண்டும். மெயில்சிம்ப் ஒரு கணக்கிற்கு ஒரே சமயத்தில் 10 இணைப்புகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை.

பக்கம் பக்கமாகப் பெறுதல்

பலரும் ஏமாறும் இடம் இதுதான். விண்ணப்பத்தில் எண்ணிக்கை குறிக்காவிட்டால் மெயில்சிம்ப் 10 பெயர்களை மட்டுமே தரும். பிரெவோ 50 பெயர்களைத் தரும். குறித்துக் கேட்டாலும் இரண்டிலும் ஒரு தடவைக்கு 1,000 பெயர்களே உச்ச வரம்பு. பதில் எண் 200 என்று வந்ததைக் கண்டு, எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்போர் உண்டு. வந்தது முதல் பக்கம் மட்டுமே.

சங்கத்தின் பட்டியலில் 3,400 பேர் இருப்பதாகக் கொள்வோம். முதல் விண்ணப்பத்தில் தொடக்கத்திலிருந்து 1,000 பேரைக் கேட்க வேண்டும். அடுத்ததில் 1,000 பேரை விட்டு அதற்கு மேலுள்ள 1,000 பேரையும், மூன்றாவதில் 2,000 பேரை விட்டு அதற்கு மேலும், நான்காவதில் 3,000 பேரை விட்டு எஞ்சிய 400 பேரையும் கேட்க வேண்டும். மெயில்சிம்ப்பின் பதிலில் மொத்தம் எத்தனை பதிவுகள் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். கைக்கு வந்தவற்றை எண்ணி அம்மொத்தத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். சரக்கு இருப்பை எண்ணிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பதுபோன்ற வேலைதான் இது.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. இரண்டாம் பக்கத்திற்கும் மூன்றாம் பக்கத்திற்கும் இடையே ஒருவர் பட்டியலில் சேர்ந்தாலோ நீங்கினாலோ வரிசை ஓரிடம் நகர்ந்துவிடும். ஒரு பெயர் இரு முறை வரலாம். ஒரு பெயர் விட்டும் போகலாம். ஆகவே கடித வேலை நடவாத வேளையில் பட்டியலை எடுப்பதும், இரட்டைப் பதிவுகளை நீக்கியபின் மீண்டும் எண்ணிப் பார்ப்பதும் அவசியமாகும்.

முழுப் பட்டியலை ஒருமுறை பெற்றபின், குறித்த நாளுக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் கேட்கவும் மெயில்சிம்ப்பில் வழியுண்டு. ஆயினும் அடியோடு அழிக்கப்பட்ட பெயர், மாறியவற்றின் வரிசையில் வந்து நிற்காது. ஆதலால் இடையிடையே முழுப் பட்டியலையும் எடுத்து ஒப்பிட வேண்டும். தனி ஒருவரின் பதிவைக் கேட்பதும் உண்டு. அவரது முகவரியைச் சிறிய எழுத்துக்களில் எழுதி, எம்.டி.5 என்னும் கணக்கின்படி 32 எழுத்துக்கள் கொண்ட குறியாக மாற்றிக் கேட்பது அதற்குரிய முறைகளுள் ஒன்று. பெரிய எழுத்து ஒன்று கலந்துவிட்டாலும் குறி முற்றிலும் மாறிவிடும்; ஆள் இருந்தும் இல்லையென்று பதில் வரும்.

வேண்டாம் என்றவரின் சொல்

பெயரும் முகவரியும் வந்தால் போதும் என்று எண்ணுதல் பெரும் பிழை. ஒவ்வொரு பதிவிலும் நிலை என்ற தலைப்பு இருக்கிறது. மெயில்சிம்ப்பில் சப்ஸ்கிரைப்டு என்றால் கடிதம் பெறச் சம்மதித்தவர். அன்சப்ஸ்கிரைப்டு என்றால் இனி வேண்டாம் என்று விலகியவர். கிளீன்டு என்றால் கடிதம் சென்று சேராத முகவரி. பெண்டிங் என்றால் சம்மதத்தை இன்னும் உறுதி செய்யாதவர். பிரெவோவில், இவருக்குக் கடிதம் தடுக்கப்பட்டிருக்கிறதா என்பது ஆம், இல்லை என்ற விடையாகப் பதிவில் நிற்கும்.

இத்தலைப்பை விட்டுவிட்டு முகவரிகளை மட்டும் எடுத்து வேறொரு நிறுவனத்தில் ஏற்றினால், விலகிய அனைவருக்கும் மறுநாளே கடிதம் போய்ச் சேரும். இது சட்டத்திற்கும் முரணாகலாம். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, விலகக் கோரியவரின் கோரிக்கையை 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகள், தம்மைப் பற்றிய விவரத்தைக் கேட்டுப் பெறவும் அழிக்கச் சொல்லவும் மக்களுக்கு உரிமை தருகின்றன. நம் பாராளுமன்றம் 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதனைத் திரும்பப் பெறவும் இயல வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வேண்டாம் என்று சொன்னவரை மீண்டும் அழைத்துத் தொல்லைப்படுத்தும் கடைக்கு எவர் திரும்ப வருவார்? விலகியோரின் பெயர்களை, அவர்களுக்கு எழுதாமல் இருப்பதற்காகவே, நாம் காத்து வைக்க வேண்டியிருக்கிறது.

சாவி யாரிடம்?

ஏ.பி.ஐ. சாவியை உடையவர் பட்டியல் முழுவதையும் எடுத்துச் செல்ல முடியும். இரும்புப் பெட்டியின் சாவிக்கு நாம் காட்டும் எச்சரிக்கை இதற்கும் வேண்டும். புரோகிராமின் உள்ளேயே சாவியை எழுதிப் பிறர் காணும் இடத்தில் வைப்பது கூடாது. எழுதித் தந்தவர் வேலையை விட்டுச் சென்றால் பழைய சாவியை உடனே ரத்து செய்து புதியது பெற வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கும் இடர் நேர்வதுண்டு: 2023 ஜனவரியில், மெயில்சிம்ப் ஊழியர்களை ஏமாற்றிக் கடவுச்சொற்களைப் பெற்ற ஒருவர் 133 வாடிக்கைக் கணக்குகளின் விவரங்களைப் பார்த்துவிட்டதாக அந்நிறுவனமே அறிவித்தது. எனவே தேவைக்கு மேற்பட்ட விவரங்களைச் சேர்க்காமல் இருப்பதே முதற் காப்பு. கடிதம் எழுதப் பெயரும் முகவரியும் நிலையும் போதும். வாடிக்கைக்காரரின் பிறந்த நாளும் வீட்டு எண்ணும் நமக்கு எதற்கு?

அங்கத்தினர் கேட்க வேண்டியவை

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் நிர்வாகக் கமிட்டியாரைச் சில கேள்விகள் கேட்கலாம்.

1. நம் வாடிக்கைக்காரர் பட்டியல் எந்த நிறுவனத்தில் இருக்கிறது? கணக்கு சங்கத்தின் பெயரில் உள்ளதா, ஊழியர் ஒருவரின் சொந்தப் பெயரில் உள்ளதா?

2. கடைசியாகப் பிரதி எடுத்த நாள் எது? எண்ணிக்கை மொத்தத்தோடு ஒத்துப் பார்க்கப்பட்டதா?

3. விலகியோரின் நிலையும் பிரதியில் இருக்கிறதா?

4. சாவி எவரிடம் இருக்கிறது? அதனை மாற்றும் அதிகாரம் எவருக்கு?

5. பிரதி எங்கே, எவர் பொறுப்பில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது?

இவற்றுக்கு விடை கூற எவரும் கணினி நிபுணராக இருக்க வேண்டுவதில்லை. ரொக்கப் புத்தகத்தைப் பற்றிக் கேட்கும் அதே கேள்விகள்தாம் இவை.

சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995இல் மான்செஸ்டர் நகரில் ஏற்றுக்கொண்ட ஏழு கோட்பாடுகளுள் நான்காவது, சங்கத்தின் சுயாதீனத்தைப் பற்றியது. வெளி நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்யும்போதும் அங்கத்தினரின் ஜனநாயகக் கட்டுப்பாடு குன்றாதவாறு செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. வெளியார் உதவியைப் பெறுவதில் குறையொன்றும் இல்லை. கடிதம் அனுப்பும் தொழிலை அவர்கள் நம்மினும் நன்கு அறிவார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும், நெசவாளி நெய்த நல்ல துணியையும் விவசாயி விளைவித்த நல்ல பொருளையும் கண்டு ஒருவர் நம்மீது வைத்த நம்பிக்கையின் பதிவாகும். அதனைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு வாளாவிருத்தல் தகாது. இம்மாதமே பட்டியலை முழுமையாகப் பெற்று, எண்ணிச் சரிபார்த்து, மற்றப் பதிவேடுகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்தும்படி சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.