பச்சை சிவப்பான காலமும் ஒரு சொட்டு ரத்தமும்

1960-களில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்க்க, கையில் ஊசி ஏற்றி 5 முதல் 10 மில்லி ரத்தம் எடுப்பார்கள். (ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், இது பெட்ரோலிலும் பெயின்டிலும் கலந்திருந்த காரீயம்.) அந்த ரத்தத்தை அமிலம் விட்டுக் கரி தீரும்வரை காய்ச்சுவார்கள். மிஞ்சியதைக் கரைத்து, குளோரோஃபாமில் கரைத்த, டிதைசோன் என்ற பச்சை வேதிப்பொருளோடு பிரிபுனலில் ஊற்றிக் குலுக்குவார்கள். மற்ற உலோகங்கள் குறுக்கிடாதிருக்க சயனைடு வேறு. காரீயம் இருந்தால் அடியில் தங்கும் பச்சை சிவந்துவிடும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு காரீயம்.

ஆனால் கண்ணாடிக் குடுவையிலும், அமிலத்திலும், தெருப்புழுதியிலும் அதே காரீயம் இருந்தது. இதை உலகுக்கு உறைக்கச் சொன்னவர், பூமியின் வயதைக் கணித்த கிளேர் பேட்டர்சன். தூசு புகாத ஆய்வுக்கூடத்தைக் கட்டி அளந்த அவர் 1965-ல் எழுதினார்: எல்லோரிடமும் இருக்கிறது என்பதாலேயே அது இயற்கையாகிவிடாது, நம் உடலில் இருப்பது இயற்கை அளவைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. அமெரிக்க மருத்துவர்கள் அப்போது குழந்தைகளுக்கு டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை பயமில்லை என்று எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதைக்கிறது.

1970-ல் டெல்வ்ஸ் என்பவர், சின்ன நிக்கல் கிண்ணியில் 10 மைக்ரோலிட்டர் ரத்தத்தை வைத்துத் தீச்சுடரில் காட்டியே அளந்தார். இப்போது ஐசிபி-எம்எஸ் கருவி, பல ஆயிரம் டிகிரி ஆர்கான் பிளாஸ்மாவில் ரத்தத்தை அணு அணுவாக்கி, காரீயம், காட்மியம், பாதரசம் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் எடைவாரியாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறது. விரல்நுனிச் சொட்டிலேயே முதல் சோதனை முடிகிறது. குத்துமுன் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். விரலில் ஒட்டிய புழுதி போதும், கணக்கு தப்பிவிடும். பேட்டர்சன் படித்த அதே பாடம்.

அமெரிக்காவில் கவனிக்க வேண்டிய அளவும் இறங்கிக்கொண்டே வந்தது: 1991-ல் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், 2012-ல் 5, 2021-ல் 3.5.

சென்னையில் 3 முதல் 7 வயதுவரை உள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தை அளந்த ஆய்வு 2009-ல் வெளியானது. சராசரி 11.4. காரீயம் கூடிய பிள்ளைகளுக்கு வகுப்பில் கவனம் நிற்கவில்லை என்று ஆசிரியர்கள் குறித்திருந்தார்கள். பழைய கணக்கில், அந்தச் சராசரிப் பிள்ளையை ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.