அடைப்பு இல்லை, ஆனாலும் வலிக்கிறது

பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ விசைத்தறியில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு நெஞ்சு வலித்தால் முதலில் கைக்கு வருவது சோடாவும் வாயு மாத்திரையும்தான். அடங்கவில்லை என்றால் ஈசிஜி எடுப்பார்கள். அதில் சந்தேகம் வந்தால் ஈரோட்டுக்கோ சேலத்துக்கோ போய் ஆஞ்சியோ. "அடைப்பு எதுவும் இல்லீங்க, பயப்படாதீங்க" என்று மருத்துவர் சொன்னதும் வீடே நிம்மதியாகிவிடும்.

மறுவாரம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது அதே வலி வருகிறது. இப்போது நம்புவதற்கு ஆள் இல்லை. "அதுதான் ஆஞ்சியோவே எடுத்துப் பாத்தாச்சே" என்கிறார் வீட்டுக்காரர். கவலைதான் காரணம் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். தூக்க மாத்திரையோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. முடியக் கூடாது. இந்தப் பெண்களில் பலருக்கு வலி இதயத்திலிருந்தேதான் வருகிறது.

ஆஞ்சியோ படத்தில் விழாத குழாய்கள்

இதயத்தின் மேல் ஓடும் பெரிய தமனிகளை மட்டுமே ஆஞ்சியோ தெளிவாகக் காட்டும். அவற்றிலிருந்து பிரிந்து தசைக்குள் இறங்கும் நுண்குழாய்கள் அரை மில்லிமீட்டரைவிடச் சிறியவை, படத்தில் விழாது. ஆனால் நடக்கும்போதும் படியேறும்போதும் விரிந்து கொடுத்து, தசைக்குக் கூடுதல் இரத்தத்தை விடுவது இவைதான். விரிய வேண்டிய நேரத்தில் இவை விரியாவிட்டால், பெரிய குழாய் சுத்தமாக இருந்தும் தசை இரத்தத்துக்கு ஏங்கும். மேட்டூர் வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடியும் மடை திறக்காத வயல் காய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய 'வைஸ்' என்ற பெண்கள் இதய ஆய்வு இதைத்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நெஞ்சுவலிக்காக ஆஞ்சியோ செய்துகொண்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரிய அடைப்பு இல்லை. அவர்களில் நுண்குழாய்ச் சோதனை செய்யப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கோளாறு இருந்தது. தொடர்ந்து பல ஆண்டுகள் கவனித்ததில், மாரடைப்புக்கும் இதயச் செயலிழப்புக்கும் ஆளாகும் வாய்ப்பு இவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. அடைப்பில்லாத வலி ஆபத்தில்லாதது என்ற பழைய நம்பிக்கை அதோடு உடைந்தது.

இறுகும் குழாய், கிழியும் குழாய்

நுண்குழாய் ஒரு காரணம்தான். சிலருக்குப் பெரிய தமனியே திடீரென இறுகிச் சுருங்கும். சற்று நேரத்தில் தானாக விடும். இந்த வலி பெரும்பாலும் ஓய்வில் இருக்கும்போது, நள்ளிரவிலோ விடியற்காலையிலோ வரும். காலை பத்து மணிக்கு ஆஞ்சியோ எடுத்தால் குழாய் நன்றாகவே தெரியும்.

இன்னொன்று, குழாயின் உட்சுவர் தானாகக் கிழிவது. இதில் பாதிக்கப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கொழுப்பு, சர்க்கரை எதுவும் இல்லாத இளம்பெண்களுக்கும் வரும். பிரசவமான சில வாரங்களில் வரும். பச்சை உடம்புக்காரிக்கு மாரடைப்பு வரும் என்று யாரும் நினைப்பதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, நெருங்கியவரின் சாவு போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் கீழ்ப்பகுதி சில நாள் சரியாகச் சுருங்காமல் போவதும் உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த 'டகோட்சுபோ' நோய் இது. ஈசிஜியும் இரத்தச் சோதனையும் மாரடைப்பு என்றே காட்டும், ஆனால் ஆஞ்சியோவில் அடைப்பு இராது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் தேறிவிடும். தொடக்க நாட்களில் மட்டும் மருத்துவமனைக் கண்காணிப்பு கட்டாயம்.

எழவு வீட்டில் மயங்கிச் சரியும் அம்மாவுக்குத் தண்ணீர் தெளித்துப் படுக்கவைப்பதோடு நிற்காதீர்கள். ஓர் ஈசிஜி எடுங்கள்.

எந்தப் பெண்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்

இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. கர்ப்ப காலத்தில் இரத்தக்கொதிப்போ சர்க்கரையோ வந்து பிரசவத்துக்குப் பின் சரியானவர்கள், அதை மறந்தே போய்விடுகிறார்கள். இருபது ஆண்டு கழித்து இதய மருத்துவரிடம் போகும்போதும் அதைச் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து கூடுதல்.

இந்தப் பக்கத்துப் பெண்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. லாரிக்குப் போன வீட்டுக்காரர் திரும்பி வரட்டும், கோழிப்பண்ணையில் ஒரு பேட்ச் முடியட்டும், குச்சிக்கிழங்கு வெட்டு முடியட்டும் என்று வலியைத் தள்ளிப்போடுகிறார்கள். மூச்சு வாங்குவது, தாடையிலோ மேல்முதுகிலோ வலி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத அசதி ஆகியவை நெஞ்சுவலியோடோ தனியாகவோ வரலாம். இவை வந்தால் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

காரணத்தைத் தேடினால் கிடைக்கும்

அடைப்பில்லாத மாரடைப்பு வந்த பெண்களுக்குக் குழாயின் உள்ளே ஒளிக்கதிர் கொண்டு படம் எடுத்தும், இதயத்தை எம்ஆர்ஐ செய்தும் பார்த்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. இரண்டு சோதனையும் செய்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் 151 பேரிடம் நடந்த 'கார்மிகா' ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. குழாய் இறுகுகிறதா, நுண்குழாயில் கோளாறா என்று பிரித்துப் பார்த்து அதற்கேற்ற மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் வலி குறைந்திருந்தது.

மருந்து ஆளுக்கு ஆள் மாறும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நுண்குழாய் வலிக்கு உதவும் பீட்டா பிளாக்கர், இறுகும் குழாய்க்காரருக்கு வலியைக் கூட்டிவிடலாம். அவருக்குக் கால்சியம் சேனல் பிளாக்கர் வகை வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் நெஞ்சுவலி மாத்திரையை வாங்கிப் போடுவது தவறு.

மருத்துவரிடம் கேளுங்கள்

நுண்குழாய்ச் சோதனைகள் எல்லா ஊரிலும் கிடைக்காது, செலவும் பிடிக்கும். அதனால் முடங்கிவிட வேண்டியதில்லை. வலியின் தன்மையைக் கேட்டே அனுபவமுள்ள மருத்துவர் சிகிச்சையைத் தொடங்க முடியும். கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, கொழுப்பு மாத்திரையை விடாமல் எடுப்பது, மருத்துவர் சொன்ன அளவு நடப்பது ஆகியவற்றுக்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாகக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

வலி எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். ஆஞ்சியோ சிடியையும் பழைய ஈசிஜிகளையும் தூக்கி எறியாதீர்கள். அடுத்த முறை "அடைப்பு இல்லை" என்று மருத்துவர் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். "அப்படியானால் என் வலிக்கு என்ன காரணம் டாக்டர்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் இன்னொரு இதய மருத்துவரைப் பாருங்கள்.