ஒலிபெருக்கியில் கரகரப்பு

சென்ற ஆடி மழையில் பாலக்காட்டிலிருந்து பீருமேட்டிலுள்ள மாமனார் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். காலஞ்சென்ற மாமியார் பாடிய தாலாட்டொன்று அங்குள்ள கணினியில் பதிவாகியுள்ளது. அதைக் கேட்க அமர்ந்தால், ஆறு பெட்டிகள் கொண்ட ஒலிபெருக்கியின் பின்னிரு பெட்டிகளில் எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற இரைச்சல்! பதிவே கெட்டுவிட்டதென்று இல்லாள் கண் கலங்கினாள். கடைக்காரரோ புதிது வாங்கச் சொன்னார்.

பொருளைச் செலவிடுமுன் பிழை எங்கேயென்று அறிய வேண்டாவா? முதலில் ஹெட்போனைக் கணினியில் செருகிக் கேட்டோம். குரல் தெளிவாயிருந்தது, பதிவுக்குக் கேடில்லை. அடுத்து, கணினியின் பின்புறத்தில் முன் பெட்டிகளுக்குரிய பச்சைச் செருகியையும் பின் பெட்டிகளுக்குரிய கருப்புச் செருகியையும் இடம் மாற்றினோம். இரைச்சல் முன் பெட்டிகளுக்குத் தாவியிருப்பின் குற்றம் கணினியுடையது. தாவவில்லை. ஆகவே செருகியிலோ, கம்பியிலோ, பெட்டியிலோதான் கோளாறு. மின்சாரத்தை நிறுத்தி, ஈரத்தால் மங்கியிருந்த செருகி முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சினால் துடைத்து, உலர்த்திச் செருகினோம். வெடிப்பு நின்றது.

எஞ்சியது மெல்லிய 'உம்' ஓசை. கணினிக்கு ஒரு சுவரிலும் ஒலிபெருக்கிக்கு மறு சுவரிலும் மின்சாரம் எடுத்திருந்தனர். இரண்டையும் ஒரே பலகையில் இணைத்ததும் அடங்கிற்று. இவ்வோசைக்கு அஞ்சிச் சிலர் 'எர்த்' முள்ளையே ஒடித்துவிடுகின்றனர்; உயிருக்கு உலை வைக்கும் செயல் அது. ஐப்பசியில், மலையாளத்தார் துலாவர்ஷம் என்னும் இடிமழை முழங்குமுன், செருகிகளனைத்தையும் கழற்றி வைத்தலும் நலம்.

அன்றிரவு மாமனார் அத்தாலாட்டை மும்முறை கேட்டார். நகலொன்றை நாம் பாலக்காட்டிற்கு எடுத்து வந்தோம்.