விழிப்பும் ஆயத்தமும்

கிறித்தவ நூல்களைத் தமிழிற் பயில்வார், ஒரே பொருளுக்கு இரு சொற்கள் வழங்குவதைத் தொடக்கத்திலேயே காண்பர். மாந்தர் இறைவன் திருமுன் தம் வாழ்வுக்குக் கணக்குக் கொடுக்கும் நிகழ்ச்சியைக் கத்தோலிக்கர் நெடுங்காலம் 'நடுத்தீர்வை' என வழங்கினர்; சீர்திருத்தச் சபையார் 'நியாயத்தீர்ப்பு' என்பர். உயிர் பிரிந்தவுடன் ஒவ்வோர் ஆன்மாவும் தனித்துப் பெறுவது தனித்தீர்வை. உலக முடிவில் அனைவரும் ஒருங்கு பெறுவது பொதுத்தீர்வை. 'நடு' என்னும் சொல் நடுவுநிலைமை என்னும் பொருளில் நம் அறநூல்களிற் பழகியதாதலின், நடுத்தீர்வை என்னுந் தொடர் தமிழ்ச் செவிக்கு அயலாகத் தோன்றவில்லை. தீர்வை என்பது நிலவரியையும் குறிக்கும். ஆண்டுதோறும் தீர்வை கட்டிய உழவர் இச்சொல்லைக் கோயிலிற் கேட்டபோது, தப்ப முடியாததொரு தவணையை எண்ணி அஞ்சியிருத்தலும் கூடும்.

அத்தகையதொரு நாள் உண்டென நம்புகின்றவன் அதுகாறும் எவ்வாறு வாழ்தல் வேண்டும்? இவ்வினாவுக்குக் கிறித்தவ நெறி தரும் விடை 'ஆயத்தமாயிருத்தல்' என்பதாம். ஆயத்தம் என்றால் என்ன என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள். அச்சத்தால் உலகினின்று ஒதுங்கி, நாளெண்ணிக் காத்திருத்தலே ஆயத்தம் எனக் கருதுவார் கிறித்தவருள்ளும் பிறருள்ளும் பலர். மூலநூற் சொற்களையும் கதைகளையும் ஊன்றி நோக்கின், அக்கருத்து நிலைபெறாது என்பது நம் துணிபு.

சொற்களை முதற்கண் காண்போம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் தீர்ப்பைக் குறிக்கும் சொல் 'கிரீசிஸ்' என்பது. பிரித்தல், பகுத்தல் என்பன அதன் வேர்ப்பொருள். தமிழ்த் 'தீர்ப்பு' தீர்தல் என்னும் வினையடியாகப் பிறந்து முடிவு என்னும் பொருளை முன்னிறுத்துகின்றது. கிரேக்கச் சொல்லோ கலந்து கிடப்பவற்றை வேறுபிரித்தலை முன்னிறுத்துகின்றது. மேய்ப்பன் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் வேறாக நிறுத்துவதை மத்தேயு உவமையாகக் கூறுவது இதனொடு நன்கு பொருந்தும். 'விழித்திருங்கள்' என்னும் ஏவலுக்கு மூலம் 'கிரெகொரெயோ' என்னும் வினை. கிரகோரி என்னும் ஆட்பெயர் இவ்வடியிற் பிறந்ததே; விழிப்புடையோன் என்பது அதன் பொருள். ஆயத்தம் என்பதற்கு மூலத்தில் நிற்பது 'ஹெடொய்மோஸ்' என்னும் சொல். சமைத்து முடிந்த விருந்தையும் ஒழுங்கு செய்யப்பட்ட மேலறையையும் குறிக்க அச்சொல்லே வருகின்றது. மன நடுக்கத்தைக் குறிக்கும் சாயல் அதன்கண் இல்லை. செய்ய வேண்டியது செய்து முடிந்துள்ளது என்பதே அதன் கருத்து.

'பரூசியா' என்பது மற்றொரு சொல். வருகை எனத் தமிழிற் பெயர்க்கப்படும் இது, அக்காலத்து அரசர்கள் ஒரு நகரத்துக்கு எழுந்தருளுவதையும் குறித்தது. அங்ஙனம் வரும் பெருமகனை நகர மாந்தர் வெளியே சென்று எதிர்கொள்வது வழக்கம். அதற்குப் பெயர் 'அபந்தேசிஸ்'. பவுல் உரோமைக்கு வந்தபோது அந்நகரத்துச் சகோதரர் அப்பியு சந்தைவரை வந்து அவரை வரவேற்றதைத் திருத்தூதர் பணிகள் இச்சொல்லாற் கூறுகின்றது. மணவாளனை வரவேற்கப் புறப்பட்ட கன்னியர் கதையிலும் இச்சொல்லே வருகின்றது. இங்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கையாண்ட 'எதிர்கொள்ளல்' மிகப் பொருத்தமானது. மாப்பிள்ளையை ஊரெல்லைவரை சென்று எதிர்கொண்டழைக்கும் மரபுடைய மொழிக்கு இச்சொல்லைத் தேடவேண்டிய தேவை இருந்திராது.

இவ்விடத்தில் தமிழ் அறநூல்களின் நிலையாமைக் கருத்து நம் நினைவுக்கு வருதல் இயல்பே. தொல்காப்பியர் காஞ்சித்திணையின் பொருளாக நிலையாமையை வைத்தார். திருக்குறளில் அதற்கு ஓரதிகாரம் உண்டு. நாலடியாரோ செல்வம், இளமை, யாக்கை என்னும் மூன்றன் நிலையாமையைக் கூறியே தொடங்குகின்றது. இருமரபும் நாளைக்கு என ஒத்திப் போடாமையை வற்புறுத்துவதில் ஒன்றுபடும். எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. நிலையாமை பேசும் நூல்கள் நம்மை விட்டு நீங்குவனவற்றைச் சுட்டுகின்றன. கிறித்தவ ஆயத்தம் நம்மை நோக்கி வருகின்ற ஒருவரைச் சுட்டுகின்றது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவோர் இவ்வேறுபாட்டை நெகிழ விட்டுவிடுகின்றனர்.

இனி அக்கன்னியர் கதைக்கு வருவோம். மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரம் மூன்று காட்சிகளை அடுத்தடுத்து வைக்கின்றது. அவற்றுள் முதலாவது இது. பதின்மர் புறப்பட்டனர், ஐவர் எண்ணெயை வேறு கலங்களிற் கொண்டு சென்றனர், ஐவர் கொண்டிலர். மணவாளன் வரக் காலந்தாழ்த்தது. எல்லாரும் உறங்கினர். நள்ளிரவிற் கூக்குரல் கேட்டது. எண்ணெய் இல்லாதார் கடைக்குச் சென்று மீள்வதற்குள் கதவு அடைபட்டது.

இக்கதையின் முடிவில் விழித்திருக்குமாறு கட்டளை வருகின்றது. ஆயினும் கதையில் விழித்திருந்தார் எவரும் இலர்! அறிவுடைய ஐவரும் உறங்கினர். அவ்வுறக்கத்திற்காக அவர்கள் பழிக்கப்படவும் இல்லை. ஆதலின் விழிப்பு என்பது கண்ணிமையாது அமர்ந்திருத்தல் ஆகாது என்பது தெளிவு. உறங்கப் போகுமுன்னரே எண்ணெய் கலத்தில் இருந்தது என்பதே அவ்வைவர்தம் சிறப்பு. உறக்கம் மனித இயல்பு. கதை அதனை ஏற்றுக்கொண்டே மேலே செல்கின்றது.

மொழிபெயர்ப்புப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பில் கன்னியர் கையில் இருப்பது 'தீவட்டி'; 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது 'விளக்கு' ஆயிற்று. மூலச்சொல் 'லம்பாஸ்'. பந்தம், தீவட்டி என்பதே அதன் பெருவழக்கான பொருள். தீவட்டியெனக் கொண்டால் கதை இன்னும் விளக்கமுறும். கோயில் உலாவில் தீவட்டி பிடிப்பவரைக் கண்டோர் இதனை அறிவர்: துணிச்சுருள் சிறிது நேரமே எரியும், எண்ணெயை மேலும் மேலும் வார்த்துக்கொண்டே வருதல் வேண்டும். தனிக்கலத்து எண்ணெய் முன்னெச்சரிக்கையால் மிகையாகக் கொண்டுவந்ததன்று. அதுவின்றித் தீவட்டி பயன்படுவதே இல்லை. புதிய பெயர்ப்பின் சொல் எளிமையானது. ஆயினும் இவ்விடத்தில் பழைய பெயர்ப்பின் சொல்லையே நாம் விரும்புகின்றோம்.

அவ்வெண்ணெய் யாது? உரைகாரர் தம்முள் மாறுபடுவர். கான்ஸ்டான்டினோபிள் பேராயராயிருந்த கிரிசோஸ்தோம் அதனை வறியார்க்கு இரங்கி ஈதல் என்றார். அகுஸ்தீனார் அன்பு என்றார். மார்ட்டின் லூதர், செயல்கள் வெறுந்தீவட்டியே, எண்ணெய் விசுவாசமே எனக் கொண்டார். மூவருரையும் அவரவர் இறையியலின் சாயலைத் தாங்கியுள்ளன. இது வியப்பன்று, நம் இலக்கிய உரைகாரரிடத்தும் காணும் இயல்பே. நாம் கிரிசோஸ்தோமின் உரையை நாடுகின்றோம். அதற்குக் காரணம் அதே அதிகாரத்தின் மூன்றாங் காட்சி.

அக்காட்சியில் அரசர் அரியணையில் அமர்ந்து மக்களை இருபாலாகப் பிரிக்கின்றார். பசித்தோர்க்கு உணவும், தாகமுற்றோர்க்கு நீரும், அயலார்க்கு இடமும், ஆடையிலார்க்கு ஆடையும் அளித்தோரும், நோயுற்றோரையும் சிறையில் இருந்தோரையும் சென்று கண்டோரும் வலப்புறம் நிற்கின்றனர். எளியோர்க்குச் செய்தது தமக்கே செய்ததென அரசர் கூறுங்கால், அவர்கள் மகிழ்வதற்கு முன் திகைக்கின்றனர். தாம் எப்பொழுது அவருக்கு அவ்வாறு செய்தோம் என வினவுகின்றனர். இடப்புறத்தாரும் அதே வினாவையே வினவுகின்றனர். இருசாராரும் அறியாமையில் ஒத்தவரே. வேறுபட்டது செயல் ஒன்றே. தீர்வைக்குரிய செயலெனக் கணக்கிட்டுச் செய்தவர் வலப்புறத்தில் ஒருவரும் இலர். தீர்வை நாளுக்கு மிகச் சிறந்த ஆயத்தமுடையோர், தாம் ஆயத்தமாய் இருந்ததையே அறியாதோர் என இக்காட்சி காட்டுகின்றது. நம் கருத்தில் இவ்வதிகாரத்தின் உயிர்நாடி இதுவே. அச்சத்தை மட்டும் ஊட்டும் மறையுரைகள் பெரும்பாலும் இதனைக் கடந்து சென்றுவிடுகின்றன.

இதற்குத் தடையும் எழும். அறியாமலே செய்வதாயின், விழித்திருங்கள் என்னும் கட்டளை எற்றுக்கு? முயன்று பெறுவதையன்றோ கட்டளை வேண்டும்? இத்தடை எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. நாம் கூறக்கூடியது இவ்வளவே: பழக்கமாகிவிட்ட நற்செயல் தன்னைத் தான் நோக்குவதில்லை, அப்பழக்கம் உண்டாகும்வரை கட்டளை வேண்டும். லூக்கா கூறும் ஊழியர் உவமையும் இதற்குத் துணை நிற்கும். தலைவன் திருமண விருந்தினின்று எந்நேரம் திரும்புவான் என அறியாத ஊழியர், இடையை வரிந்து கட்டி, விளக்கேற்றி இருக்கின்றனர். நீண்ட அங்கியை இழுத்துச் செருகுவது வேலை செய்வோன் கோலம். திரும்பி வந்த தலைவனோ தன் இடையைக் கட்டிக்கொண்டு, அவர்களைப் பந்தியில் அமர்த்திப் பரிமாறுகின்றான். வருபவன் இத்தன்மையன் ஆயின், காத்திருப்போர்க்கு அச்சம் முதன்மையாதல் எங்ஙனம்?

தொடக்கக்காலச் சபையிலேயே இது பிறழ உணரப்பட்டது. தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதிய முதல் மடல் ஏறத்தாழக் கி.பி. 50ஆம் ஆண்டினது. ஆண்டவரின் நாள் இரவில் திருடன் வருவதுபோல் வரும் எனக் கூறும் அம்மடலே, அமைதியாய் வாழவும், தம் கைகளால் உழைக்கவும் அறிவுறுத்துகின்றது. ஒழுங்கின்றித் திரிவோரைக் குறிக்க அதில் வருஞ் சொல், அணிவகுப்பினின்று பிறழ்ந்த படைவீரனுக்கு வழங்கியது. பவுல் பெயரால் வழங்கும் இரண்டாம் மடல் இன்னும் கடுமையாக, உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் வேண்டா என்கின்றது. முடிவு அணுகியதென எண்ணித் தொழிலை விட்டோர் அங்கிருந்தனர் என்பது உரைகாரர் பலர் கொள்ளும் கருத்து. மடல்கள் அதனை வெளிப்படையாகக் கூறவில்லை எனினும், அக்கருத்து பொருத்தமற்றதன்று.

இடைக்கால ஐரோப்பாவில் நோக்கம் மரணப் படுக்கையை நோக்கித் திரும்பிற்று. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கொள்ளைநோய் எண்ணிறந்தோரை மாய்த்தது. பின்னர் 15ஆம் நூற்றாண்டில் 'இறக்கும் கலை' என்னும் பொருள்படும் 'ஆர்ஸ் மொரியெந்தி' என்ற இலத்தீன் நூல் எங்கும் பரவிற்று. சாகும் தறுவாயில் வரும் ஐந்து சோதனைகளை அது விரித்துரைத்தது. குருவும் துணையுமின்றிச் சாவோர்க்கு அது ஆறுதலாயிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதற்குமுரிய ஆயத்தம் இறுதி ஒரு நாழிகைக்குள் ஒடுங்கிவிட்டது. ஆங்கிலத் திருச்சபைக் குருவாகிய ஜெரமி டெய்லர், தூய வாழ்வைப் பற்றி 1650ஆம் ஆண்டிலும் தூய சாவைப் பற்றி 1651ஆம் ஆண்டிலும் நூல்கள் இயற்றி, வாழ்நாளெல்லாம் பயிலாத ஒன்றைப் படுக்கையிற் கிடந்து பயில இயலாது என மறுத்தார். நூல்களின் வரிசையே அவர் கருத்தைப் புலப்படுத்தும்.

தமிழில் இப்பொருள் அச்சேறியது அதற்கும் முன்னரே. அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பெற்றது. அதன்பின் 1580ஆம் ஆண்டு கொச்சியில் வெளிவந்தது 'கொம்பெசியொனாயரு'. இது பாவசங்கீர்த்தனத்துக்குத் தன்னை ஆராய்ந்து ஆயத்தம் செய்துகொள்வதற்கான நூல். தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களுள் ஒன்று, ஒருவன் தன் நெஞ்சைத் தானே வினவுவதற்கென அமைந்தது என்பது அச்சு வரலாறு எழுதுவோர் கருதத் தக்கது.

நாளைக் கணித்தலின் கேட்டுக்கு 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா சான்று தரும். வில்லியம் மில்லர் என்பாரின் விவிலியக் கணிப்பைப் பின்பற்றியோர், 1844ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் கிறித்து வருவார் என உறுதியாக நம்பினர். விளைந்ததை அறுக்காது நிலத்திலேயே விட்டோரும் அவருள் இருந்தனர். அந்நாள் கழிந்தது, அதனைப் 'பெரும் ஏமாற்றம்' என வரலாறு குறிக்கின்றது. அந்நாளும் நாழிகையும் மைந்தனும் அறியார் எனச் சுவிசேஷமே கூறியிருக்க, அவர்கள் கணித்தது வியப்பே. ஆயினும் அவர்களை எள்ளுதல் தகாது. அவர்கள் தம் நம்பிக்கைக்கு ஒரு பருவத்து விளைச்சலை விலையாகக் கொடுக்க அஞ்சாதவர்கள்.

அதே நாட்டின் வடகிழக்குப் பகுதியில் 1780ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் நண்பகலில் இருள் சூழ்ந்தது. பறவைகள் கூடடைந்தன; வீடுகளில் விளக்கேற்றினர்; தீர்வை நாள் வந்துற்றதெனப் பலர் நடுங்கினர். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்டு நகரில் சட்டமன்றம் கூடியிருந்தது. கீழவை கலைந்தது. மேலவையும் கலையலாம் என்று கூறப்பட்டபோது, ஆபிரகாம் டாவன்போர்ட் என்னும் உறுப்பினர் மறுத்தெழுந்தார். இது தீர்வை நாள் அன்றெனின் அவை கலையக் காரணமில்லை. அதுவே எனின், தம் கடமையைச் செய்துகொண்டிருக்கும் நிலையிற் காணப்படுதலையே தாம் விரும்புவதாகக் கூறி, மெழுகுவத்திகளைக் கொண்டுவரச் செய்யுமாறு வேண்டினார். கவிஞர் விட்டியர் பின்னர் இந்நிகழ்ச்சியைப் பாடினார். அவ்விருள் கனடாவின் ஒன்டாரியோப் பகுதிக் காடுகளில் எரிந்த பெருந்தீயின் புகையால் விளைந்தது என்பதை, மரங்களின் ஆண்டு வளையங்களிற் பதிந்த தீத்தழும்புகளைக் கொண்டு 2007ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் காட்டினர்.