ரெண்டு மூடி பிராந்தி, ஒரு வாலுப் பையன்

‘பசங்க 2’ பார்த்திருப்பீங்க. 2015-ல் வந்த படம். ரெண்டு வாண்டுகள் ஓர் இடத்தில் உட்கார மாட்டாங்க. ஸ்கூல் ஸ்கூலா மாத்துவாங்க. இது சேட்டை இல்லை, ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைபாடுன்னு டாக்டர் சூர்யா வந்துதான் புரியவைப்பார்.

இது எதனால வருது? பெரும்பாலும் பரம்பரை. ஆனா, நாம பேசவே கூச்சப்படுகிற இன்னொரு காரணமும் உண்டு. கர்ப்பமா இருக்கும்போது அம்மா குடிச்ச மது.

“நம்ம ஊர்ப் பொம்பளைங்க எங்க பாஸ் குடிக்கிறாங்க?”ன்னுதானே கேக்குறீங்க? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் குடிக்கிற பெண்கள் வெறும் 0.3 சதவீதம். ஆண்கள் 25.4. ஓகே. ஆனா, கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட “ஆமாங்க, குடிப்பேன்”னு எத்தனை பேர் சொல்லியிருப்பாங்க? அதோட, எங்க காங்கேயம் பக்கத்துப் பெருசுங்களுக்கு பிராந்தி சரக்கே இல்லைங்க, மருந்து! சளியா, ரெண்டு மூடி. மேல்வலியா, ரெண்டு மூடி. பச்ச உடம்புக்காரிக்கும் அதேதான். வயித்துல புள்ள இருக்கிறப்ப இந்த மூடியைத் திறந்தா வில்லங்கம்.

அம்மா ரத்தத்தில் கலந்த ஆல்கஹால், நஞ்சுக்கொடி தாண்டி நேரா குழந்தைக்குப் போயிடும். அதை உடைச்சுத் தள்ளுற அளவுக்கு அந்தக் குட்டிக் கல்லீரல் வளர்ந்திருக்காது. ஒம்பது மாசமும் உருவாகிட்டே இருக்கிற மூளைதான் அடிவாங்கும். பீர், ஒயின், ‘இயற்கை’யான தென்னங்கள்ளு எல்லாத்திலும் இருக்கிறது ஒரே எத்தனால். ‘இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை’ன்னு ஓர் அளவே கிடையாது.

1968-ல் பிரான்ஸில் பால் லெமுவான் 127 குழந்தைகளைப் பார்த்து இதை எழுதினார். பெருசா யாரும் கண்டுக்கலை. 1973-ல் சியாட்டில் டாக்டர்கள் ஜோன்ஸும் ஸ்மித்தும் ‘ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்’னு பேர் வெச்சாங்க. இந்தப் பாதிப்புள்ள குழந்தைகள்ல ரொம்பப் பேருக்குக் கவனக்குறைபாடும் சேர்ந்தே இருக்கு.

உடனே அம்மாவைத் திட்டக் கிளம்பிடாதீங்க. தென்னாப்பிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் திராட்சைத் தோட்டங்கள்ல கூலியில ஒரு பங்கை ஒயினாவே கொடுத்தாங்க. ‘டாப்’ முறைன்னு பேர். உலகத்திலேயே இந்தப் பாதிப்பு மிக அதிகமா இருக்கிற இடங்கள்ல அது ஒண்ணு. குடிச்சது அம்மா; ஊத்திக் கொடுத்தது முதலாளி!

சிவில் பசங்களுக்குப் புரியும்: மிக்ஸ்ல தப்பு நடந்தா எவ்வளவு க்யூரிங் பண்ணியும் கான்கிரீட் தேறாது. நல்லவேளை, குழந்தை கான்கிரீட் இல்லை. சீக்கிரமே கண்டுபிடிச்சு பயிற்சி, தேவைப்பட்டா மருந்து கொடுத்தா நல்லா முன்னேறும். ஆனா கண்டுபிடிக்கணுமே! ‘நம்ம பொண்ணுங்க குடிக்க மாட்டாங்க’ன்னு டாக்டர் கேக்காம விட்டா, அம்மாவும் வாய் திறக்க மாட்டாங்க. பையன் கிளாஸுக்கு வெளியே முட்டி போட்டுட்டு இருப்பான்.

அமெரிக்காவில் 1989-லேர்ந்து பாட்டில்லயே கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை இருக்கு. நம்ம ஊரில் 2019-ல் கட்டாயமான வாசகம் ரெண்டு விஷயம்தான் சொல்லுது: உடம்புக்குக் கேடு, குடிச்சுட்டு வண்டி ஓட்டாதே.