காற்றில் ஏறும் உலோகம் கடலில் இறங்கும் கதை

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் வந்தாறுமூலை. 1981ஆம் ஆண்டில் இங்கே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியே 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஊருக்குக் கிழக்கே சிறிது தொலைவில் களுவன்கேணிக் கடற்கரை, மேற்கே வயல்வெளி. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று நிலத்துப் புழுதியை வாரிக்கொண்டு கடலை நோக்கி வீசும். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வங்கக் கடலைக் கடந்து கரையை வந்தடையும். இக்காற்றுகள் கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்களையும் சுமந்து திரிகின்றன. அவற்றுட் பெரும்பகுதி இறுதியிற் போய்ச் சேரும் இடம் கடலேயாகும்.

உலோகம் கனமானதன்றோ, அது எங்ஙனம் காற்றில் மிதக்கும் என்று மாணவர் வினவலாம். விடை துகளின் பருமனில் உள்ளது. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு அளவான துகள், அசைவற்ற காற்றில் ஒரு நாள் முழுவதும் விழுந்தாலும் சில மீற்றர் தூரமே இறங்கும். அதற்குள் காற்று அதனைப் பல நூறு மைல்களுக்கு அப்பாற் கொண்டுபோய்விடும். பருமனான மண் துகள்கள் விரைவில் தாமாகவே விழுந்துவிடுகின்றன. நுண்ணிய துகள்களைப் பெரும்பாலும் மழையே கீழே கொணர்கிறது. அவை முகிலின் நீர்த்துளிக்குக் கருவாக அமைந்தோ, விழும் துளியில் ஒட்டிக்கொண்டோ, சராசரி ஒரு வாரத்துள் மண்ணையோ கடலையோ அடைகின்றன. நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையின் கூரைநீரைக் குடிப்பதற்குப் பிடிக்கலாகாது என்று நம் மூத்தோர் கூறுவது பொருளற்றதன்று. அந்நீர் கூரையோடு காற்றையும் கழுவிய நீராகும்.

இரண்டு ஊற்றுகள்

இவ்வுலோகங்களுக்கு ஊற்று இரண்டு. ஒன்று இயற்கையான மண் தூசி. அதில் அலுமினியமும் இரும்பும் மிகுதி. மற்றது மனிதன் மூட்டும் நெருப்பு. நிலக்கரி, எண்ணெய், குப்பை ஆகியவை எரியும்போதும், தாதுப்பொருள்களை உருக்கும்போதும் ஈயம், நாகம், கட்மியம் முதலியன புகையோடு எழுகின்றன. துகள் எந்த ஊற்றிலிருந்து வந்தது என்பதை அறிய விஞ்ஞானிகள் அலுமினியத்தை அளவுகோலாகக் கொள்வர். மண்ணில் அலுமினியத்துக்கு இன்ன அளவு ஈயம் என்று ஒரு விகிதம் உண்டு. துகளில் ஈயம் அவ்விகிதத்தைப் பன்மடங்கு மிஞ்சினால், அது மனிதன் சேர்த்ததே.

1999ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், பல நாட்டு விஞ்ஞானிகள் கப்பல், விமானம், செயற்கைக்கோள் ஆகியவற்றின் துணையுடன் இந்துமாகடலின் மேலுள்ள காற்றை ஆராய்ந்தனர். அவர்களை வழிநடத்தியவருள் ஒருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற வீ. இராமநாதன். தெற்காசியாவிலிருந்து எழுந்த புகைப்படலம், வாடைக்காற்றுக் காலத்தில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் உயரம்வரை கடல்மேற் பரந்திருந்ததை அவர்கள் கண்டனர்.

உணவும் நஞ்சும்

கடலில் விழும் உலோகம் யாவும் தீங்கென்று கொள்ளலாகாது. கடலின் நுண்பாசிகளுக்கு இரும்பு இன்றியமையாதது. 1993இல் கலாபகோசுத் தீவுகளுக்கு அண்மையில், ஏறத்தாழ 450 கிலோ இரும்பைக் கடலிற் கரைத்துப் பார்த்தபோது, அங்கே பாசியின் பச்சையம் மும்மடங்காயிற்று. அப்பாசியே சிறுமீனுக்கும், சிறுமீன் வழியாகப் பெருமீனுக்கும் உணவு. ஆதலால், பாலைநிலத்திலிருந்து பறந்துவரும் தூசியும் கடலுக்கு ஒருவகை எருவாகும்.

ஈயத்தின் கதை வேறு. உயிருக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். 1920களில் பெற்றோலில் ஈயச் சேர்மானம் கலக்கத் தொடங்கினர். பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் எனக் கணித்த அமெரிக்க அறிஞர் கிளயர் பற்றர்சன், 1960களில் கடல்நீரை ஆராய்ந்தார். ஆழத்து நீரைவிட மேல்நீரில் ஈயம் பன்மடங்கு மிகுந்திருந்தது. அது கடலடியிலிருந்து எழுந்ததன்று, வானிலிருந்து விழுந்தது என்பதற்கு இதுவே சான்றாயிற்று. எண்ணெய், ஈயக் கம்பனிகளின் எதிர்ப்புக்கிடையேயும் அவர் தம் கூற்றை நிலைநாட்டினார்.

பின்னர் நாடுகள் ஒவ்வொன்றாக ஈயப் பெற்றோலைக் கைவிட்டன. இந்தியா 2000இலும், இலங்கை 2002இலும் நிறுத்தின. கடைசியாக 2021இல் அல்ஜீரியா நிறுத்தியது. முன்னரே நிறுத்திய நாடுகளை அடுத்த வட அத்திலாந்திக்குக் கடலின் மேல்நீரில் ஈயம் வெகுவாகக் குறைந்துவிட்டது. மனிதன் கையை எடுத்தால் கடல் தன்னைத் தேற்றிக்கொள்ளும் என்பது இதனால் விளங்குகிறது.

ஆயினும் நெருப்பு முற்றாக அணைந்துவிடவில்லை. செம்புக்காக மின்கம்பியின் உறையைக் கொளுத்துவதும், பழைய பற்றரியின் ஈயத்தை வெளியில் உருக்குவதும் இன்றும் பல நாடுகளில் நடக்கின்றன. அப்புகையை முதலிற் சுவாசிப்பது அயலிலுள்ள குழந்தை. எஞ்சியது காற்றோடு சென்று மழையோடு இறங்குகிறது. கச்சான் வீசும் நாளில் வந்தாறுமூலையில் மூட்டிய நெருப்பின் புகைக்கு, களுவன்கேணிக் கடல் வெகுதொலைவன்று. பழைய கம்பியையும் பற்றரியையும் கொளுத்தாது, முறையாகச் சேகரிப்போரிடம் ஒப்படைப்பது ஒவ்வொரு குடும்பத்தாலும் இயலக்கூடிய காரியமே.