நேதாஜி எங்கே? 3 விசாரணை நடந்தும் தீராத மர்மம்!

சித்திரைத் திருவிழா என்றால் மதுரை தல்லாகுளத்தில் எள் போட்டால் எள் விழாது. அழகர் வருவார். அவரை எதிர்கொண்டு அழைக்க ஊரே திரண்டு நிற்கும். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகள் காணாமல் போவது உண்டு.

உடனே ஒலிபெருக்கி முழங்கும். பெயர் என்ன, வயது என்ன, சட்டை என்ன நிறம் என்று சொல்வார்கள். தாய் ஓடி வருவாள். பிள்ளையைப் பார்த்ததும், "என் பிள்ளைதான்" என்று வாரி அணைத்துக்கொள்வாள்.

காணாமல் போனவரைத் தேடுவதில் முக்கியமானது இதுதான். அடையாளம் வேண்டும். "இவர்தான் அவர்" என்று சொல்ல, அவரைத் தெரிந்த ஆள் வேண்டும்.

இந்த அடையாளம் சரியாகக் கிடைக்காததால், ஒரு பெரிய தலைவரின் வழக்கு 80 ஆண்டு ஆகியும் மக்கள் மனதில் முடியாமல் நிற்கிறது. அவர்தான் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்.

மதுரைக்கு வந்தவர்

நேதாஜி மதுரைக்குப் புதியவர் அல்ல. 1939-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி அவர் மதுரைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் தொடங்கி சில நாட்களே ஆகியிருந்தன.

அவரை வரவேற்று மாபெரும் கூட்டம் திரட்டியவர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். தல்லாகுளத்தை அடுத்த கோரிப்பாளையத்தில் இன்று சிலையாக நிற்கிறாரே, அவர்தான். நேதாஜி தொடங்கிய பார்வர்டு பிளாக் கட்சியை, தென்னாட்டில் கட்டிக் காத்தவர் அவர்.

மதுரையில் நேதாஜியின் பெயரில் ஒரு ரோடே இருக்கிறது. ஆனால், "அந்த நேதாஜி எப்படி இறந்தார்?" என்று கேட்டால், மதுரையில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஏன்? அதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் மாயம்

நேதாஜி காணாமல் போனது ஒரு தடவை அல்ல.

1941-ம் ஆண்டு. கல்கத்தாவில் எல்ஜின் ரோட்டில் இருந்த தம் வீட்டில் அவர் இருந்தார். அவர் மீது வழக்கு இருந்தது. வீட்டைச் சுற்றி ரகசியப் போலீசார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தனர்.

"நான் தனிமையில் தியானம் செய்யப் போகிறேன். யாரும் என்னைப் பார்க்க வேண்டாம்" என்று நேதாஜி சொல்லிவிட்டார். தாடி வளர்த்தார். அறைக்குத் திரை போட்டார்கள். திரைக்குப் பின்னால் சாப்பாடு வைத்தார்கள்.

ஜனவரி 16-ந் தேதி நள்ளிரவு கழிந்தது. நேதாஜி பட்டாணியர் போல உடை உடுத்தி வெளியே வந்தார். அண்ணன் மகன் சிசிர் போஸ் மோட்டார் காரை ஓட்டினார். கோமோ ரயில் நிலையம் வரை காரில் போனார்கள். அங்கிருந்து நேதாஜி ரயில் ஏறினார். பெஷாவர் போய், மலைகளைக் கடந்து காபூல் சேர்ந்தார். அந்த நாட்டுப் பாஷை தெரியாது. அதனால் வழி நெடுக ஊமையும் செவிடும் போல நடித்தார்!

கல்கத்தா வீட்டில் என்ன நடந்தது? திரைக்குப் பின்னால் வழக்கம்போல் சாப்பாடு போனது. அதை உறவுக்காரப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் காலி செய்து வைத்தனர். 10 நாள் வரை போலீசாருக்கு ஒன்றும் தெரியாது!

ஏப்ரல் மாதம் நேதாஜி ஜெர்மனியில் இருந்தார்.

செத்தவர் பேசினார்

1942-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு செய்தி உலகம் முழுவதும் பரவியது. "சுபாஷ் சந்திர போஸ் விமான விபத்தில் இறந்துவிட்டார்" என்பதே அந்தச் செய்தி.

நாடே அழுதது. காந்தியடிகள் நேதாஜியின் தாயாருக்கு அனுதாபத் தந்தி கொடுத்தார்.

சில நாட்களில் ரேடியோவில் ஒரு குரல் கேட்டது. அது நேதாஜியின் குரல்! "இறந்ததாகச் சொன்ன நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டார்.

இந்த இரண்டு சம்பவங்களையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காவலில் இருந்து மாயமானவர், இன்னொரு நாட்டில் வெளிப்பட்டார். விமான விபத்தில் செத்தார் என்ற செய்தி, பொய் ஆனது. மூன்றாவது தடவை செய்தி வந்தபோது மக்கள் நம்பவில்லை என்றால், அதில் வியப்பு என்ன?

கடைசிப் பயணம்

1943-ல் நேதாஜி நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே வந்தார். சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். பெண்களும் துப்பாக்கி ஏந்தினார்கள். கேப்டன் லட்சுமி அவர்களுக்குத் தளபதி.

1945-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி ஜப்பான் சரண் அடைந்தது. மறுநாள் நேதாஜி சிங்கப்பூரில் இருந்து புறப்பட்டார். பாங்காக் போய், சைகோன் சேர்ந்தார்.

சைகோனில் ஜப்பானியப் போர் விமானம் ஒன்று நின்றது. அதில் இரண்டே இரண்டு இடம்தான் தரமுடியும் என்றார்கள். நேதாஜி ஏறினார். கூடவே அவருடைய அதிகாரி கர்னல் ஹபிபுர் ரஹ்மான் ஏறினார். மற்றவர்கள் நின்றுவிட்டார்கள்.

ஆகஸ்டு 18-ந் தேதி பிற்பகல். பார்மோசா தீவில் உள்ள தைஹோகு விமான நிலையத்தில் விமானம் இறங்கியது. பார்மோசாதான் இன்றைய தைவான். தைஹோகுதான் இன்றைய தாய்ப்பே நகரம்.

பெட்ரோல் நிரப்பிக்கொண்டு விமானம் மேலே கிளம்பியது. உடனே 'டமார்' என்று சத்தம் கேட்டது. இறக்கைப் பக்கத்து எந்திரம் கழன்று விழுந்தது. விமானம் தரையில் மோதித் தீப்பிடித்தது. நேதாஜி மீது பெட்ரோல் கொட்டியிருந்தது. அவர் உடல் பற்றி எரிந்தது.

ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் யோஷிமி சிகிச்சை செய்தார். அன்று இரவு நேதாஜி உயிர் பிரிந்தது.

இது ஹபிபுர் ரஹ்மானும் ஜப்பானியர்களும் சொன்ன சாட்சியம். 5 நாள் கழித்து, ஆகஸ்டு 23-ந் தேதி ஜப்பானியச் செய்தி நிறுவனம் இதை உலகுக்கு அறிவித்தது. அஸ்தி டோக்கியோவுக்குப் போனது. ரெங்கோஜி என்ற புத்தர் கோவிலில் அதை வைத்தார்கள்.

சந்தேகம் எங்கே பிறந்தது?

போலீஸ் விசாரணையில் முதலில் பார்ப்பது என்ன? உடல், போட்டோ, பதிவேடு, பொருள். இந்த நான்கிலுமே சிக்கல் இருந்தது.

உடல்: உடலைத் தைஹோகுவிலேயே எரித்துவிட்டார்கள். நேதாஜியை முன்பே நன்றாக அறிந்தவர்களில் ஹபிபுர் ரஹ்மான் ஒருவர்தான் அங்கே இருந்தார்.

போட்டோ: போட்டோ எடுத்தார்கள். ஆனால் உடல் துணியால் மூடியிருந்தது. முகம் தெரியவில்லை. முகம் தீயில் வெந்திருந்ததால் அதைப் படம் எடுக்கவில்லை என்றார் ரஹ்மான்.

பதிவேடு: உடலை எரித்ததற்கான பதிவேட்டில் நேதாஜியின் பெயர் இல்லை. 'இச்சிரோ ஒகுரா' என்ற ஜப்பானியப் பெயர் இருந்தது. "ரகசியத்துக்காகப் பெயரை மாற்றி எழுதினார்கள்" என்றது ஒரு கட்சி. "ஒகுரா என்பவன் வேறு ஆள். எரிந்தது அவன் உடல்தான்" என்றது எதிர்க் கட்சி.

பொருள்: நேதாஜியின் கைக்கடிகாரம் என்று ரஹ்மான் ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்தார். அது நீள்சதுரம். "நேதாஜி கட்டுவது வட்டக் கடிகாரம் ஆயிற்றே!" என்றார்கள் பலர்.

காந்தியடிகளே முதலில் நம்பவில்லை. "நேதாஜி உயிரோடு இருப்பதாக என் மனம் சொல்கிறது" என்ற பொருளில் பேசினார். பிறகு 1946-ல், அந்தப் பேச்சை வைத்து யாரும் நம்பிக்கை வளர்த்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

தேவர் சொன்ன சேதி

1949-ல் தேவர் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசினார். "நேதாஜி உயிருடன் இருக்கிறார். நான் அவரைச் சந்தித்தேன்" என்று சொன்னார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

அதற்குப் பிறகு தேவரே சில காலம் வெளியில் தென்படவில்லை. 1950-ல்தான் திரும்பி வந்தார். எங்கே போனார் என்று அவர் விளக்கம் தரவில்லை. "நேதாஜியைப் பார்க்கத்தான் போயிருப்பார்" என்று மக்கள் பேசிக்கொண்டார்கள்.

1956-ல் விசாரணைக் குழு தேவரை அழைத்தது. தமக்குத் தெரிந்த விவரங்களைச் சொல்ல அவர் மறுத்துவிட்டார். பகிரங்கமாகவும் சொல்லவில்லை. ரகசியமாகவும் சொல்லவில்லை. 1963-ல் தேவர் காலமானார். அவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விட்டது.

3 விசாரணைகள்

முதல் விசாரணை 1956-ல் நடந்தது. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த ஷா நவாஸ் கான் அதற்குத் தலைவர். 67 பேர் சாட்சி சொன்னார்கள். "நேதாஜி விமான விபத்தில்தான் இறந்தார்" என்று குழு கூறியது. ஆனால் குழுவில் இருந்த மூவரில் ஒருவர் அதை ஏற்கவில்லை. அவர் வேறு யாரும் அல்ல. நேதாஜியின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ்! தவிர, விபத்து நடந்த தைவானுக்கு இந்தக் குழு போகவே இல்லை.

இரண்டாவது விசாரணை 1970-ல் தொடங்கியது. ஐகோர்ட்டுத் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கோஸ்லா விசாரித்தார். 224 பேர் சாட்சி சொன்னார்கள். அவர் தைவானுக்கும் போனார். 1974-ல் தீர்ப்புச் சொன்னார். "விபத்து நடந்தது உண்மை. நேதாஜி இறந்ததும் உண்மை" என்றார்.

மூன்றாவது விசாரணை 1999-ல் தொடங்கியது. கல்கத்தா ஐகோர்ட்டு உத்தரவினால் அமைத்த கமிஷன் இது. சுப்ரீம் கோர்ட்டு முன்னாள் நீதிபதி முகர்ஜி விசாரித்தார். "அந்த நாளில் அப்படி ஒரு விபத்து நடந்ததாக எங்களிடம் பதிவு இல்லை" என்று தைவான் அதிகாரிகள் சொன்னார்கள். 2005-ல் முகர்ஜி அறிக்கை கொடுத்தார். "நேதாஜி விமான விபத்தில் இறக்கவில்லை. கோவிலில் இருப்பது அவருடைய அஸ்தி அல்ல" என்பது அவர் முடிவு. 2006-ல் மத்திய அரசு இதை ஏற்க மறுத்துவிட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1945 ஆகஸ்டில் தைவான் ஜப்பானியர் கையில் இருந்தது. போரில் தோற்றவர்களின் காகிதங்கள் பின்னால் வந்தவர்களிடம் முழுவதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பதிவு இல்லை என்பதாலேயே விபத்து இல்லை என்று ஆகிவிடாது. சரித்திர ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர், விபத்தில் இறந்தார் என்பதையே ஒப்புக்கொள்கிறார்கள்.

சாமியார் யார்?

வதந்திக்குப் பஞ்சமே இல்லை. "ரஷ்யாவில் சிறையில் இருக்கிறார்" என்றார்கள். "சாமியாராகிவிட்டார்" என்றார்கள். உத்தரப் பிரதேசத்தில் பைசாபாத்தில் முகம் காட்டாமல் வாழ்ந்த ஒரு சாமியார் 1985-ல் இறந்தார். அவர்தான் நேதாஜி என்று பலர் நம்பினார்கள். அதற்கும் ஒரு கமிஷன் போட்டார்கள். அந்தச் சாமியார் நேதாஜி அல்ல என்று அது சொல்லிவிட்டது.

2016-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி, நேதாஜி பிறந்த நாளில், மத்திய அரசு 100 ரகசியக் கோப்புகளை வெளியிட்டது. அதே ஆண்டில், ஜப்பான் 1956-ல் தயாரித்த விசாரணை அறிக்கையும் வெளியே வந்தது. நேதாஜி தைஹோகுவில் இறந்தார் என்றே அதிலும் இருந்தது.

மகள் கேட்பது

7 ஆண்டு வரை ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் இறந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியச் சட்டம். ஆனால் வீட்டில் காத்திருப்பவர்களின் மனம் சட்டத்தைப் பார்க்குமா? போருக்குப் போன மகன் திரும்பாத வீட்டில், எத்தனை ஆண்டு ஆனாலும் வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் தாய் எட்டிப் பார்ப்பாள்.

நேதாஜி 1897-ல் பிறந்தவர். இனி அவர் திரும்பி வருவார் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. இப்போது உள்ள கேள்வி ஒன்றுதான். டோக்கியோ கோவிலில் இருப்பது அவர் அஸ்திதானா?

இதைக் கேட்பவர் நேதாஜியின் ஒரே மகள் அனிதா. 1942-ல் வியன்னாவில் பிறந்தவர். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே நேதாஜி கிழக்கே புறப்பட்டுவிட்டார். தகப்பனார் முகம் அவருக்கு நினைவில் இல்லை.

விபத்தில்தான் தம் தகப்பனார் இறந்தார் என்று அனிதா நம்புகிறார். "சந்தேகப்படுபவர்களுக்காக, அஸ்தியில் மரபணுச் சோதனை செய்யுங்கள். பிறகு அவரை இந்தியாவுக்குக் கொண்டுபோங்கள்" என்று கேட்டுவருகிறார்.

மரபணு என்பது பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வருவது. எலும்புத் துண்டில் அது கிடைத்தால், மகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டு, "இவர்தான் அவர்" என்று சொல்லிவிடலாம். தீயில் வெந்த எலும்பில் அது கிடைப்பது கடினம். ஆனாலும் முயற்சி செய்து பார்த்தால்தானே தெரியும்?

அந்தச் சோதனை இன்னும் நடக்கவில்லை. ரெங்கோஜி கோவிலின் பூசாரிகள், தலைமுறை மாறியும் அந்தப் பேழையைப் பத்திரமாகக் காத்து வருகிறார்கள்.